50 வயது மேம்பாலம்: பாரத்தைக் குறைப்பதா, ஒட்டுப்போடுவதா, மேல்தளத்தை மாற்றுவதா, இடித்துக் கட்டுவதா?

நகரத்தின் நடுவே 50 ஆண்டு ஓடிய நெடுஞ்சாலைப் பாலம். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. மழை விட்டு இரண்டு நாளாகியும் தூண் தலையில் ஈரம் காயவில்லை. ஆய்வறிக்கை வந்துவிட்டது, அதில் "மிதமான சேதம்" என்று ஒரு சொல், அதற்கு என்ன பொருள் என்று யாருக்கும் தெரியவில்லை. கார்பன் துணி சுற்றினால் போதும் என்கிறார் ஒப்பந்தக்காரர். புதிதாகவே கட்டிவிடலாம் என்கிறார் தொகுதியின் மக்கள் பிரதிநிதி. என்ன செய்தாலும் ஒரு நாள்கூட மூடக் கூடாது என்கிறது போக்குவரத்துக் காவல்துறை.

பெரும்பாலான விவாதங்கள் பாலத்தின் வயதிலும், செய்தித்தாளில் வந்த விரிசல் படத்திலும் சிக்கிக்கொள்கின்றன. இரண்டும் முடிவைத் தீர்மானிப்பவை அல்ல. நோய் எந்த உறுப்பில் இருக்கிறது, அந்த உறுப்பை மனிதக் கண்ணால் எட்டிப் பார்க்க முடியுமா என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

## முதலில் அளவுகோல்கள்

1. நோய் எங்கே? பாலத்தைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டின் (தளம் வெயிலில் விரிய விட்ட இடைவெளி) ரப்பர் கிழிந்தால், மேலே விழும் மழை நேராகக் கர்டரின் (தளத்தைத் தாங்கும் நீள உத்தரம்) முனையிலும், கர்டர் உட்காரும் மெத்தையான பேரிங்கிலும், தூண் தலையான பியர் கேப்பிலும் இறங்கும். வடிகால் குழாய் மண்ணால் அடைத்தால், தளத்தின் ஓரம் குளமாகும். தண்ணீரோடு உப்பு போனால் இன்னும் மோசம். நியூயார்க்கில் அது பனியை உருக்கத் தூவும் உப்பு. சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடற்காற்று. கம்பி துருவாகும்போது அதன் கன அளவு இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பெருகும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் உதிர்கிறது. நாம் பார்க்கும் உதிர்வு, நோயின் கடைசிக் கட்டம்.

சேதம் தளப்பலகையிலா, கர்டரிலா, பேரிங்கிலா, தூணிலா, அடித்தளத்திலா என்று உறுப்பு வாரியாகப் பிரித்துச் சொல்லாத அறிக்கையை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. சோதனைகள் எளியவைதான். தாமிரம்–தாமிர சல்பேட் மின்முனையால் கம்பியின் மின்னழுத்தம் பார்க்கும்போது −350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்கினால், அந்த இடத்தில் துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீத வாய்ப்பு. துளையிட்டு எடுத்த தூளில் குளோரைடு எவ்வளவு, எவ்வளவு ஆழம் வரை என்று பார்க்க வேண்டும். புதுக் கான்கிரீட் போடும்போதே கனமீட்டருக்கு சாதா கான்கிரீட்டில் 0.6 கிலோ, முன்னழுத்தக் கான்கிரீட்டில் (உள்ளே கேபிளை இழுத்து இறுக்கிக் கான்கிரீட்டை நெருக்கி வைக்கும் வகை) 0.4 கிலோவுக்கு மேல் குளோரைடு கூடாது என்பது இந்தியத் தர விதி. அந்த எண்ணை ஒப்பிட வைத்துக்கொள்ளலாம். புதிதாக உடைத்த முகத்தில் பினால்ப்தலின் தெளித்தால், இளஞ்சிவப்பு ஏறாத பகுதியில், கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை போய்விட்டது. அந்த ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டதா என்பதே கேள்வி. சுத்தியல் அடித்து எண் வாசிக்கும் ரீபவுண்ட் சோதனை மட்டும் இருந்தால் அதைப் பெரிதாக நம்ப வேண்டாம். அது மேல்தோலின் கடினத்தைச் சொல்லும், கம்பியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. காரம் போன பழைய கான்கிரீட்டின் தோல் கடினமாவதால், நோயாளிக்கு நல்ல மதிப்பெண்ணே கிடைக்கும்.

2. கண்ணுக்குத் தெரிகிறதா? சாதாரணக் கம்பி துருப்பிடித்தால் வெளியே கறை வரும், கான்கிரீட் பிளக்கும். முன்னழுத்தக் கேபிள் அப்படி அல்ல. குழாய்க்குள் சிமென்ட் பால் ஊற்றி மூடியிருப்பார்கள். அந்தக் கால வேலையில் பால் முழுவதும் நிரம்பாமல் வெற்றிடம் விட்டுப்போனது சகஜம். அதில் ஈரம் தங்கினால் இழை ஒவ்வொன்றாக அறும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது.

3. உடையும் முன் சொல்லுமா? நான்கு கர்டர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஒன்று தளர்ந்தாலும் மற்றவை ஏற்கும். தொய்வு தெரியும், மூட நேரம் கிடைக்கும். ஒரு கர்டரின் முனை இன்னொன்றின் உதட்டில் உட்காரும் பாதி இணைப்பு வகையில் அந்தக் கருணை இல்லை. கனடாவின் லாவல் நகரில் 1970-இல் திறந்த டி லா கான்கார்ட் மேம்பாலம் இந்த வகை. 2006 செப்டம்பர் 30 அன்று கான்கிரீட் துண்டு விழுந்ததாகத் தகவல் வந்து ஊழியர் பார்த்துப் போனார், மூடவில்லை. சுமார் ஒரு மணி நேரத்தில் விழுந்தது, 5 பேர் இறந்தனர்.

4. வேலை நடக்கும்போது வண்டி எங்கே போகும்? கட்டுமானச் செலவைவிட இது பெரிதாக இருக்கும் இடங்கள் உண்டு. ஆனால் மதிப்பீட்டுத் தாளில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.

5. அடித்தளம் என்ன தாங்கும்? பழைய வரைபடம் இல்லாத பாலங்களில் பைல், அதாவது தரைக்குள் இறக்கிய அடித்தளத் தூண், எவ்வளவு ஆழம் என்றே தெரியாது. தூண் பக்கத்தில் துளை போட்டு அதிர்வலை அனுப்பி ஆழத்தைக் கண்டறியலாம். இதைச் செய்யாமல், தூணை வைத்துக்கொண்டு மேல்தளத்தை மாற்றும் மூன்றாம் வழியைப் பற்றிப் பேசவே கூடாது.

## வழி ஒன்று: பாரத்தைக் குறைத்துக் கண்காணிப்பது

இதை "ஒன்றும் செய்யாமல் இருப்பது" என்று நினைப்பவர்கள் அதிகம். ஒழுங்காகச் செய்தால் இது ஒரு சிகிச்சை.

நியூயார்க்கில் புரூக்ளின்–குவீன்ஸ் விரைவுச்சாலையின் மூன்றடுக்குப் பகுதி இதற்குச் சரியான உதாரணம். மலைச்சரிவில் இருந்து அலமாரிப் பலகை போல வெளியே நீளும் இரண்டு சாலைத் தளங்கள், அவற்றுக்கு மேலே நடைபாதை. 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் கட்டியது. நாளுக்கு சுமார் 1.5 லட்சம் வண்டிகள். 2018-இல் நகரம் முன்வைத்த இரண்டு திட்டங்களும் 300 கோடி டாலருக்கு மேல்; அதில் ஒன்று, நடைபாதையின் மட்டத்தில் தற்காலிக நெடுஞ்சாலை போடுவது. குடியிருப்பாளர்கள் எதிர்த்தார்கள், நிபுணர் குழு அமைந்தது. 2020 ஜனவரியில் குழு சொன்னது: இன்றைய பாரம் தொடர்ந்தால் 2026 வாக்கில் சில பகுதிகள் பாதுகாப்பை இழக்கலாம், ஆகவே முதலில் தடத்தைக் குறையுங்கள், எடை மீறும் லாரிகளைப் பிடியுங்கள்.

2021 ஆகஸ்ட் இறுதியில் ஒரு திசைக்கு மூன்று தடம் இரண்டாகியது. 2023 நவம்பரில் குவீன்ஸ் திசையில், ஓடும் வண்டியைச் சாலையிலேயே எடைபோடும் கருவிகள் தானாக அபராதம் அனுப்பத் தொடங்கின: 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36 டன் என்ற வரம்பை மீறினால் 650 டாலர். அந்தத் திசையில் எடைமீறல் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று நகரப் போக்குவரத்துத் துறை அறிவித்தது.

இது ஏன் பலன் தருகிறது? பாரம் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் இரும்புக்கு வரும் களைப்பு, தகைவின் (உள்ளே ஏற்படும் அழுத்தம்) மூன்றாம் அடுக்கில் ஏறும். 20 சதவீதம் கூடுதல் தகைவு தரும் வண்டி ஒருமுறை போனால், வரம்புக்குள் போகும் வண்டி 1.7 முறை போன சேதம். இரட்டிப்பானால் 8 முறை. ஆயிரம் கார்களை விரட்டுவதைவிட பத்து அதிகபார லாரிகளை நிறுத்துவது பாலத்துக்கு நல்லது.

நம் ஊரில் இதைச் செய்யும் விதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பாலத்தின் இரு முனையிலும் இரும்பு உயரத் தடுப்பு நட்டுவிட்டு "கனரக வாகனம் தடை" என்று பலகை வைப்பார்கள். உயரமான காலிப் பேருந்து தடுக்கப்படும். குட்டையாக நிரம்பி வழியும் மணல் டிப்பர் கீழே புகுந்து போய்விடும். தடுக்க வேண்டியது எடையை.

மறைந்த செலவுகள் இரண்டு. விரட்டிய லாரி பக்கத்துத் தெருவுக்குப் போகும். அங்கே சாலையும் சிறு பாலங்களும் தேயும். அடுத்தது, உணரிகளின் மாயை. சாய்வுமானி, விரிசல்மானி, இழை அறும் ஒலியைப் பிடிக்கும் கருவி என்று மாட்டிவிடுவது சுலபம். எந்த எண்ணைத் தாண்டினால் யார் எத்தனை நிமிடத்தில் பாலத்தை மூட வேண்டும் என்று எழுத்தில் இல்லாவிட்டால், அது வெறும் வரைபடம் வரையும் கருவி. ஒரு துளியும் துருவை நிறுத்தாது.

வேறு பெரிய முடிவு நிச்சயமாகி அதற்குப் பணமும் நிலமும் தயாராக 3 முதல் 10 ஆண்டு பிடிக்கும் என்றால், இந்த வழி சரி. அந்த அடுத்த முடிவு தேதியோடு இல்லையென்றால் இது தள்ளிப்போடுதல்தான்.

## வழி இரண்டு: பழுது பார்த்து வலுப்படுத்துவது

அதிகம் தேர்ந்தெடுக்கப்படுவதும் அதிகம் கெடுக்கப்படுவதும் இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாக.

முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். ஜாயின்ட், வடிகால், தளத்தின் மேல் நீர்த்தடுப்புப் படலம். இந்த மூன்றையும் விட்டுவிட்டு அடியில் பூசும் ஒவ்வொரு மூட்டை மருந்தும் வீண். ஜாயின்ட்டை அடைக்கும் ஸ்ட்ரிப் சீல் ரப்பரை நகரப் போக்குவரத்தில் 10 ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றும் கணக்கு போட வேண்டும். ஜாயின்ட்டில் முளைத்த அரசங்கன்றைத் தண்டோடு வெட்டிவிட்டுப் போவது நம் பராமரிப்பின் அடையாளச் சின்னம். வேர் உள்ளேயே இருந்து அடுத்த மழைக்குப் பிளவை அகலமாக்கும். வேரோடு எடுத்து, குழியைச் சுத்தம் செய்து, எபாக்சி பிசினாலோ சிமென்ட் கிரவுட்டாலோ அடைக்க வேண்டும்.

ஒட்டுப்போடும் முறை. கெட்ட கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் 20–25 மில்லிமீட்டர் வரை தோண்ட வேண்டும். கம்பியின் முன்பக்கம் மட்டும் தெரியும்படி கொத்தி நிறுத்தினால் முதுகில் துரு தொடரும். கம்பியை மணல் வீசி வெள்ளை உலோகம் தெரியத் துடைக்க வேண்டும். குறுக்குப் பரப்பில் நாலில் ஒரு பங்கு போயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும். துத்தநாகப் பூச்சு, பிறகு சுருங்காத பாலிமர் கலவை, ஈரச் சாக்குப் போட்டு ஆற்றுதல். சதுரமாக வெட்டிய ஓரம் வேண்டும். மெலிந்து முடியும் ஓரம் முதலில் உரியும்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் ஐந்தாறு ஆண்டில் ஒட்டின் ஓரத்தைச் சுற்றி வளையமாகப் புதிய உதிர்வு வரும். காரணம் மின்வேதியியல். பழுதான இடம் இதுவரை நேர்மின்முனையாகத் தான் துருவாகி, சுற்றியுள்ள கம்பியைக் காத்துவந்தது. அதைச் சுத்தமாக்கியதும் அந்தக் காவல் போய், உப்பு ஊறிய பக்கத்துக் கான்கிரீட்டில் உள்ள கம்பி அடுத்த பலியாகிறது. ஒட்டின் ஓரத்தில், கம்பிக்குப் பதிலாகத் தான் அரிந்துபோகும் துத்தநாகப் பலிமுனைகளைக் கட்டுவது இதற்குத்தான். ஒப்பந்தத்தில் அது இல்லையென்றால் குறைந்த விலைக்கான காரணம் புரியும்.

பேரிங் மாற்றம். ரப்பர் பேரிங்கின் ஆயுள் 20–25 ஆண்டு. பாலத்தின் ஆயுளில் மூன்று நான்கு முறை மாற்ற வேண்டும். ஒரு பியர் கேப்பின் மேலுள்ள எல்லா கர்டர்களையும் ஒரே நேரத்தில் ஜாக்கியால் சில மில்லிமீட்டர் தூக்க வேண்டும். ஒன்று மட்டும் முந்தினால் குறுக்கு உத்தரத்திலும் தளத்திலும் விரிசல். பழைய பாலங்களில் ஜாக்கி நுழைய இடமே விட்டிருக்க மாட்டார்கள். தூணில் இரும்புத் தாங்கி பொருத்தித்தான் தூக்க வேண்டும். இந்தத் தாங்கியின் செலவு பல மதிப்பீடுகளில் விடுபடுகிறது.

கார்பன் துணி. வளைவுக்கோ வெட்டு விசைக்கோ வலு குறைந்த, ஆனால் உள்ளே நோயற்ற கர்டருக்கு இது நல்ல வைத்தியம்: எடை இல்லை, சில இரவுகளில் முடியும். துரு நடந்துகொண்டிருக்கும் கர்டருக்குச் சுற்றுவது, புரையோடிய புண்ணின் மேல் பட்டுத்துணி கட்டுவது. உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாமல் போகும். ஒட்டும் பரப்பைப் பிய்த்துப் பார்க்கும் சோதனையில் சுமார் 1.4 மெகாபாஸ்கலாவது கான்கிரீட் தாங்க வேண்டும். துணி தீயில் எரிந்துபோனாலும் பாலம் தன் எடையோடு ஓரளவு போக்குவரத்தையும் தாங்க வேண்டும் என்பது பொதுவான வடிவமைப்பு விதி. பாலத்தடியில் கடை, குப்பை, அடுப்பு இருக்கும் ஊர்களில் இது வெறும் ஏட்டு விதி அல்ல.

வெளிக் கேபிள். பெட்டி வடிவக் கர்டருக்குள் புதிய கேபிள் இழுத்து இறுக்குவது. புதிய கேபிள் கண்ணுக்குத் தெரியும், பிறகு மாற்றவும் முடியும் என்பது பெரிய நன்மை. ஆனால் அதன் முழு இழுவையும், கேபிளின் முனையைப் பிடித்திருக்கும் நங்கூரக் கட்டையில் விழும். அங்குள்ள பழைய கான்கிரீட் நல்லதாக இருக்க வேண்டும்.

பழுதுபார்ப்பின் மறைந்த ஆபத்து எடை. 30 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலமுள்ள ஒரு ஸ்பானில் (இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) 50 மில்லிமீட்டர் தார் போட்டால் சுமார் 26 டன். பழையதைச் சுரண்டாமல் மூன்று முறை மேலே மேலே போட்டால் 78 டன், இரவும் பகலும் அங்கேயே நிற்கும் பாரம். அமெரிக்காவின் மினியாபொலிஸில் 1967-இல் திறந்த ஐ-35டபிள்யூ நெடுஞ்சாலைப் பாலம் 2007 ஆகஸ்ட் 1 அன்று விழுந்து 13 பேர் இறந்ததில் இந்தப் பாடம் இருக்கிறது. இரும்புச் சட்டங்களை இணைக்கும் மூட்டுத் தகடுகள் வடிவமைப்பிலேயே தேவையில் பாதி அளவு தடிமன், அரை அங்குலம். காலப்போக்கில் தளத்தில் எடை ஏறியது. விழுந்த அன்று தளம் புதுப்பிக்கும் வேலைக்காக 260 டன்னுக்கும் அதிகமான மணலும் ஜல்லியும் வண்டிகளும் பலவீனமான மூட்டுக்கு மேலேயே குவிந்திருந்தன.

இந்த வழியின் எல்லை எது என்பதை இத்தாலியின் ஜெனோவா காட்டியது. 1967-இல் திறந்த மொராண்டி பாலத்தில் தாங்கு கம்பிகளைக் கான்கிரீட்டுக்குள் புதைத்திருந்தார்கள். மூன்று கோபுரங்களில் 11-ஆம் எண்ணுக்கு 1990-களில் வெளிக் கேபிள் போட்டுப் பலப்படுத்தினார்கள். 9-ஆம் எண்ணுக்கு அந்த வைத்தியம் நடக்கவில்லை. திட்டம் தயாராகி வேலை தொடங்கும் முன் 2018 ஆகஸ்ட் 14 அன்று அதுவே விழுந்தது. 43 உயிர்கள்.

ஜெர்மனியில் டிரெஸ்டனின் கரோலா பாலம் இன்னும் கசப்பானது. 1971-இல் முடிந்த இதில் பக்கவாட்டில் மூன்று தனிப் பாலங்கள். இரண்டைப் புதுப்பித்து முடித்திருந்தார்கள். மூன்றாவதன் முறை 2025 என்றிருந்தது. 2024 செப்டம்பர் 11 விடியலுக்கு முன் அதில் சுமார் 100 மீட்டர் ஆற்றில் விழுந்தது. முன்னழுத்த இரும்பில், கட்டிய காலத்து ஈரத்திலேயே தொடங்கிய ஹைட்ரஜன் விரிசல் என்று ஆய்வு சொன்னது. புதுப்பித்த இரண்டிலும் அதே இரும்பு. அவற்றில் மாட்டிய ஒலி உணரிகள் இழை அறுவதைப் பிடிக்க, அவையும் இடிக்கப்பட்டன. புதுப்பிப்புக்குப் போன பணம் தளத்தோடு போயிற்று.

ஆகவே: சாதாரணக் கம்பிக் கான்கிரீட் அல்லது கண்ணுக்குத் தெரியும் இரும்பு, சேதம் ஜாயின்ட்டுக்கு அடியிலும் ஓரத்திலும் மட்டும், குளோரைடு இன்னும் பெரும்பகுதிக் கம்பியைத் தொடவில்லை என்றால் பழுதுபார்ப்பைவிட மலிவான வழி கிடையாது.

## வழி மூன்று: தூணை வைத்துக்கொண்டு மேல்தளத்தை மாற்றுவது

தூணும் அடித்தளமும் நல்ல நிலையில், கர்டரும் தளமும் மட்டும் போய்விட்ட பாலங்களுக்கு இது. நகரத்தில் தோண்டுவதுதான் அதிக நேரமும் சண்டையும், அது மிச்சமாகும்.

பாட்னாவின் மகாத்மா காந்தி சேது இந்த வழியின் மிகப் பெரிய இந்திய உதாரணம். 5.575 கிலோமீட்டர், 1982-இல் திறந்தது. ஒவ்வொரு தூணிலிருந்தும் இரு பக்கமும் நீளும் முன்னழுத்தக் கான்கிரீட் கைகள், நடுவில் கீல். அந்த நாளில் சிக்கனமான வடிவம். ஆனால் கான்கிரீட் காலத்தோடு தளர்வதும் கேபிள் இழுவை இழப்பதும் முழுக்கக் கீலில் வந்து விழுந்தன. நுனிகள் தொங்கின, ஒவ்வொரு கீலிலும் வண்டி தூக்கிப்போட்டது, அந்த மோதல் இன்னும் தொங்க வைத்தது. வெளிக் கேபிள் உட்பட ஆண்டுக்கணக்கில் ஒட்டுவேலை நடந்தும் நிற்கவில்லை. கடைசியில் அடித்தளத்தை வைத்துக்கொண்டு மேல்தளத்தை இரும்புச் சட்டமாக மாற்றினார்கள். செலவு 1,742 கோடி ரூபாய், இரும்பு 66,000 டன்னுக்கு மேல். மேற்குப் பாதி 2020 ஜூலை 31, கிழக்குப் பாதி 2022 ஜூன் 7 அன்று திறந்தன. பாலம் இரண்டு தனிப் பாதிகளாகக் கட்டப்பட்டிருந்ததால்தான் ஒரு பக்கத்தை அறுத்தபோது மறுபக்கம் வண்டி ஓடியது. இந்த வசதி எல்லாப் பாலத்துக்கும் வாய்க்காது.

வயதான பாலம் அல்ல என்றாலும், இரண்டாம் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் நடந்த நேரடிப் போட்டி கொச்சியின் பாலாரிவட்டம். 2016 அக்டோபரில் திறந்து 2019 மே மாதம் மூடினார்கள். 102 கர்டர்களில் 97-இல் விரிசல். ஐ.ஐ.டி. மெட்ராஸ் பரிசோதித்துக் கார்பன் துணியால் வலுப்படுத்தும் யோசனையைத் தந்தது. பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் கர்டர்களை மாற்றச் சொன்னார். பாரச் சோதனை நடத்திப் பார்த்து முடிவெடுக்கலாம் என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 செப்டம்பரில் மாற்றிக் கட்ட அனுமதி கிடைத்தது. தூண்களுக்கு வலுவூட்டி, முன்னழுத்தக் கர்டர் ஏற்றி, 2021 மார்ச் 7 அன்று திறந்தார்கள். வேலை சுமார் ஐந்தரை மாதம். அதற்கு முன் வாதத்தில் போனது ஒன்றேகால் ஆண்டுக்கு மேல். நெடுஞ்சாலையின் சந்திப்பு ஒன்று மூடிக் கிடந்த அந்தக் காலத்தின் விலையை எந்தத் தரப்பும் தன் மதிப்பீட்டில் சேர்க்கவில்லை.

பாரச் சோதனை பற்றி ஒரு சொல். ஏற்றிய பாரத்தை 24 மணி நேரம் வைத்து இறக்கியபின், தொய்வில் சாதா கான்கிரீட் 75 சதவீதமும் முன்னழுத்தக் கான்கிரீட் 85 சதவீதமும் மீள வேண்டும் என்பது இந்திய விதி. தேறினால் இன்றைக்கு அந்தப் பாரத்தைத் தாங்கும் என்று பொருள். துருவின் வேகத்தைப் பற்றி அது வாய் திறக்காது. தேறியதைக் காட்டி 20 ஆண்டு உத்தரவாதம் கேட்பது தவறு.

மறைந்த செலவுகள்: புதிய கர்டரின் உயரம் வேறானால் தூண் தலையின் மட்டமும் அணுகுசாலையின் மட்டமும் மாறும். நிலநடுக்க விதிகள் இடையில் கடுமையாகியிருப்பதால் பழைய தூணுக்குக் கான்கிரீட் சட்டை போட வேண்டி வரலாம். ஆற்றில் நிற்கும் தூணானால், மணல் அரித்து அடித்தளம் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று நீருக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். புதிய மேல்தளம் பழையதைவிட இலேசாக இருந்தால்தான் இந்த வழியின் லாபம் முழுதாகக் கைக்கு வரும்.

## வழி நான்கு: இடித்துக் கட்டுவது

அடித்தளம் கெட்டிருந்தால், புதைந்த கேபிளில் நோய் என்று உறுதியானால், அல்லது பாலத்தின் அகலமும் வளைவும் இன்றைய தேவைக்கு எந்த வகையிலும் போதாவிட்டால் வேறு வழி இல்லை.

புதிதாகக் கட்டுவது எப்போதும் இழுக்கும் என்பது முழு உண்மை அல்ல. மினியாபொலிஸில் விழுந்த இடத்தில் 23.4 கோடி டாலர் ஒப்பந்தத்தில் 2008 செப்டம்பர் 18 அன்று புதிய பாலம் திறந்தது. விழுந்து 14 மாதம்கூட ஆகவில்லை. ஜெனோவாவில் புதிய பாலம் இரண்டே ஆண்டில், 2020 ஆகஸ்டில் வந்தது. ஆனால் இரண்டிலும் பழைய பாலம் ஏற்கெனவே போய்விட்டது, நாடே பார்த்துக்கொண்டிருந்தது, அனுமதிகள் ஓடி வந்தன. உயிரோடு வண்டி ஓடிக்கொண்டிருக்கும் பாலத்தை இடித்துக் கட்டும் சாதா நாளுக்கு இந்த வேகத்தை அளவுகோலாக வைக்க முடியாது.

மதிப்பீட்டில் தெரியாத செலவுகள் இங்கேதான் அதிகம். முன்னழுத்தப் பாலத்தைக் கண்டபடி உடைக்க முடியாது; இறுகிய கேபிளில் சேமித்த விசை தவறான இடத்தில் அறுத்தால் வெடித்து வெளியேறும். கட்டிய வரிசையைத் தலைகீழாக்கி, முட்டுக்கொடுத்து, துண்டு துண்டாக இறக்க வேண்டும். பாலத்தைப் பிடித்துத் தொங்கும் குடிநீர்க் குழாய், மின்வடம், தொலைபேசி வடம் எல்லாவற்றுக்கும் முதலில் மாற்றுவழி வேண்டும். டிரெஸ்டனில் பாலம் விழுந்தபோது அதில் ஓடிய வெந்நீர்க் குழாயும் உடைந்து நகரின் வெப்ப விநியோகம் பாதித்தது. ஜெனோவாவில் நின்றிருந்த கோபுரங்களுக்குக் கீழே வீடுகள். 500 பேருக்கு மேல் இடம்பெயர்ந்தார்கள், 2019 ஜூனில் வெடிவைத்து அவற்றைத் தகர்த்தார்கள்.

இன்னொன்று: "எப்படியும் இடிக்கப் போகிறோம்" என்று முடிவான நாளிலிருந்து பழைய பாலத்தின் பராமரிப்புப் பணம் வற்றிவிடும். அனுமதி, நிலம், டெண்டர் என்று 6 ஆண்டு ஓடினால், அந்த 6 ஆண்டும் பாலம் முன்னைவிட அனாதை. இடிக்கும் முடிவோடு வழி ஒன்றுக்கான ஒதுக்கீடும் ஒரே ஆணையில் வர வேண்டும்.

இடித்துவிட்டுக் கட்டாமலே விடுவதும் ஒரு தெரிவுதான். 1989 நிலநடுக்கத்தில் சேதமான சான் பிரான்சிஸ்கோவின் எம்பார்கடேரோ மேல்சாலையை 1991-இல் இடித்து, தரையிலேயே அகலமான சாலையாக்கினார்கள். வண்டிகள் பெரும்பாலும் நகருக்குள் இறங்கவே அந்தப் பாலத்தைப் பயன்படுத்துகின்றன என்றால் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊரைக் கடந்து போகும் லாரிப் பாதை, ரயில் பாதை, ஆறு என்றால் பேச்சுக்கே இடமில்லை.

## ஒரே பார்வையில்

| | பாரக் குறைப்பு | பழுது, வலுவூட்டல் | மேல்தள மாற்றம் | இடித்துக் கட்டுதல் |
|---|---|---|---|---|
| நோய் எங்கே இருந்தால் | எங்கிருந்தாலும், இடைக்காலத்துக்கு | ஜாயின்ட் அடி, ஓரம், பேரிங் | கர்டர், தளம் | அடித்தளம், புதைந்த கேபிள் |
| துருவை நிறுத்துமா | நிறுத்தாது | தண்ணீரை அடைத்தால் மட்டும் மெதுவாகும் | மேலே ஆம், தூணில் இல்லை | ஆம் |
| வண்டிக்கு இடைஞ்சல் | லாரிக்கு மட்டும், நாள்தோறும் | இரவு வேலை, தடம் தடமாக | மாதங்கள். இரட்டைப் பாலமானால் பாதி | ஆண்டுகள் |
| மறைந்த செலவு | எடைக் கண்காணிப்பு, பக்கத்துத் தெருச் சேதம் | திரும்பத் திரும்ப ஒட்டு, ஜாக்கித் தாங்கி | தூணுக்குச் சட்டை, மட்ட மாற்றம் | குழாய், வடம், இடிப்பு, பழையதைக் காக்கும் செலவு |
| தவறாகத் தேர்ந்தால் | தள்ளிப்போடுதல் | நோயை மூடி மறைத்தல் | கெட்ட காலில் புதுச் சட்டை | தேவையற்ற கடன் |

## அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு

உங்கள் பாலம் முன்னழுத்த வகையா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், குளோரைடு ஆழம் கம்பியைத் தொட்ட பரப்பு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். சிறு பகுதியென்றால் வழி இரண்டு. பெரும்பகுதியென்றால், தூண் எப்படி இருக்கிறது என்ற பதிலுக்கு ஏற்ப மூன்றோ நான்கோ. அங்கே கார்பன் துணிக்காரருக்குக் கதவைத் திறக்க வேண்டாம்.

முன்னழுத்த வகையென்றால், குழாயைச் சில இடங்களில் திறந்து கேபிளைக் கண்ணால் பார்த்தார்களா என்று கேளுங்கள். கேபிளின் உச்சிப்புள்ளி, நங்கூரத்தின் பின்புறம், ஜாயின்ட்டை ஒட்டிய முனை ஆகிய இடங்களில்தான் வெற்றிடமும் ஈரமும் சேரும். சில இடங்களில் திறந்து, கேபிள் பளிச்சென்று சிமென்ட் பாலில் மூழ்கியிருந்தால் மூச்சு விடலாம். துருவோ ஈரமோ தெரிந்தால் திறக்கும் இடங்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். அதுவரை வழி ஒன்று அன்றைக்கே தொடங்க வேண்டும்.

திறந்தே பார்க்காமல் "கேபிள் நன்றாக உள்ளது" என்று எழுதியிருந்தால், அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். ஓட்டை போட்டு, உள்நோக்கிக் குழாய் விட்டுப் படம் எடுத்து, மூடி அடைக்க ஓர் இடத்துக்கு ஓர் இரவு வேலை போதும்.